'ஒய்' தட்டும் முன் ஒரு நிமிடம்!



நாம் எந்தப் பிரிவில் படித்தாலும் முதலாண்டில் வொர்க்‌ஷாப் உண்டு. லேத் பக்கத்தில் போய் நின்றதும் முதலில் சொல்லித் தரும் பாடம் என்ன? "சக் கீயை எடுத்துட்டியான்னு பாரு. அப்புறம் ஸ்விட்ச்சைப் போடு." சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரை ஓட விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. லினக்ஸில் மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது சிஸ்டம் ஒரு பெரிய பட்டியலைக் காட்டிவிட்டு, 'தொடரலாமா?' என்று கேட்டுக் காத்திருக்கும். நாமும் பட்டியலைப் படிக்காமலே 'ஒய்' என்ற எழுத்தைத் தட்டி, என்டர் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். சாதாரண சிஸ்டத்தில் இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் இன்னும் வளர்ச்சி நிலையில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இப்படிச் செய்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது டெஸ்க்டாப்பே இருக்காது!

நம்மில் பலர் வைத்திருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதுவும் செகண்ட் ஹேண்டாக இருக்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ப்ரோகிராம், ரெக்கார்டுக்கான படங்கள், வீட்டில் தம்பி தங்கையின் பாடம் எல்லாம் அதற்குள்தான். ரிவ்யூவுக்கு முதல் நாள் இரவு அது படுத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். என் கம்ப்யூட்டரில் டெபியனின் 'சிட்' என்ற வளர்ச்சிப் பதிப்பைத்தான் வைத்திருக்கிறேன். அதை வைத்தே விளக்குகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டெபியனின் மூன்று வாசல்கள்

டெபியன் 1993-ல் இயான் முர்டாக் தொடங்கிய லினக்ஸ் தொகுப்பு. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது. நம்மில் பலருக்குத் தெரிந்த உபுண்டு இதிலிருந்து வந்ததுதான். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஆக, இங்கே கற்பது அங்கேயும் உதவும்.

டெபியனில் 60,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. இவை மூன்று வாசல்களைக் கடந்து நம்மிடம் வருகின்றன.

முதல் வாசல், 'அன்ஸ்டேபிள்'. இதற்கு நிரந்தரப் பெயர் சிட். 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' என்ற படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வருவானே, அவன் பெயர்தான் இது. பெயரைக் கேட்டதுமே குணம் தெரிந்துவிடும்! பேக்கேஜைப் பராமரிப்பவர் புதிய வெர்ஷனைத் தயாரித்ததும் அது முதலில் வந்து இறங்கும் இடம் இதுதான்.

இரண்டாவது வாசல், 'டெஸ்டிங்'. சிட்டில் இறங்கிய பேக்கேஜ் அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாரும் பெரிய பிழை எதையும் புகார் செய்யாமல் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களும் தயாராக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அது டெஸ்டிங்குக்குள் நுழையும்.

மூன்றாவது வாசல், 'ஸ்டேபிள்'. டெஸ்டிங்கைச் சில மாதங்கள் உறைய வைத்து, பிழைகளைக் களைந்து, இறுதியில் ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். டெபியன் 12, அதாவது புக்வர்ம், 2023 ஜூன் 10 அன்று வந்தது. டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. வெளியான பிறகு இதில் பெரிய மாற்றம் எதுவும் நுழையாது. பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும் மட்டுமே வரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'அன்ஸ்டேபிள்' என்றால் அடிக்கடி நின்றுபோகும் சிஸ்டம் என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது தினமும் மாறிக்கொண்டே இருக்கும் என்றுதான் அர்த்தம். கட்டி முடித்த வீட்டுக்கும் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலும் குடியிருக்கலாம். ஆனால் இன்று எந்தச் சுவரை இடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

நம் பசங்களில் பலர் குழம்புவது இங்கேதான். மூன்று கட்டளைகளின் வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

'ஆப்ட் அப்டேட்': இது எந்த மென்பொருளையும் மாற்றாது. கடையில் இன்று என்ன சரக்கு வந்திருக்கிறது என்று விலைப்பட்டியலை வாங்கி வருவது மட்டுமே இதன் வேலை.

'ஆப்ட் அப்கிரேட்': இருக்கும் பேக்கேஜ்களைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றும். தேவைப்பட்டால் புதிய பேக்கேஜையும் சேர்க்கும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் எதையும் நீக்காது. எதையாவது நீக்கினால்தான் ஒரு பேக்கேஜைப் புதுப்பிக்க முடியும் என்றால், அதை அப்படியே நிறுத்தி வைத்துவிடும்.

'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்': எப்படியாவது எல்லாவற்றையும் புதிதாக்கிவிட வேண்டும் என்று பார்க்கும். அதற்குத் தடையாக இருக்கும் பேக்கேஜை நீக்கவும் தயங்காது. சக் கீ இருக்கும் இடம் இதுதான்!

ஏன் நீக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு ப்ரோகிராம் தனியாக ஓடுவதில்லை. பல லைப்ரரிகளைச் சார்ந்து ஓடுகிறது. ஒரு லைப்ரரியின் புதிய வெர்ஷன் வந்துவிட்டது, ஆனால் அதை நம்பியிருக்கும் ப்ரோகிராம் இன்னும் புதிதாகத் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழைய லைப்ரரியும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்றால், கம்ப்யூட்டருக்கு இரண்டே வழி. ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ப்ரோகிராமை நீக்க வேண்டும். 'அப்கிரேட்' காத்திருக்கும். 'ஃபுல்-அப்கிரேட்' நீக்கும்.

2024-ல் நடந்தது என்ன?

இது வெறும் தியரி இல்லை. 2024-ன் தொடக்க மாதங்களில் சிட்டைப் பயன்படுத்திய எல்லோரும் இதை நேரில் பார்த்தார்கள்.

பழைய 32-பிட் சிஸ்டங்களில் நேரத்தை, 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக ஒரு 32-பிட் எண்ணில் சேமிக்கிறார்கள். அந்த எண்ணின் உச்சம் 2,147,483,647. அந்த எல்லை 2038 ஜனவரி 19 அன்று முடிந்துவிடும். அடுத்த விநாடியே எண் மைனஸுக்குப் போய், கடிகாரம் 1901-ஐக் காட்டும். இதைத் தடுக்க நேரத்தை 64-பிட்டாக மாற்ற வேண்டும். டெபியன் 2024-ல் இந்த வேலையைக் கையில் எடுத்தது. நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரோடு 'டி64' என்ற வால் சேர்ந்தது. நம்முடைய 64-பிட் கம்ப்யூட்டருக்கு இந்த மாற்றம் உண்மையில் தேவையே இல்லை. இருந்தாலும் பெயர்கள் இங்கேயும் மாறின.

பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்து இருக்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான ப்ரோகிராம்களை ஒரே நாளில் புதிதாகத் தயாரிக்கவும் முடியாது. அந்த இடைப்பட்ட வாரங்களில் 'ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தவர்களுக்கு, டெஸ்க்டாப்பின் பெரும்பகுதியையே நீக்கலாமா என்று கேட்கும் பட்டியல் வந்தது.

அப்போது எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன் அந்தப் பட்டியலை என்னிடம் காட்டினான். "மச்சான், என்னடா இது, இவ்ளோ நீளமா வருது?" என்றான். உட்கார்ந்து படித்தோம். அவன் ஆபீஸ் மென்பொருள், பிரவுசர், ஃபைல் மேனேஜர் எல்லாம் நீக்கப்படும் வரிசையில் நின்றன. 'என்' தட்டி வெளியே வந்தோம். மறுபடி சாதாரண 'அப்கிரேட்' மட்டும் கொடுத்தோம். கொஞ்சம் புதுப்பித்தது, மீதியை நிறுத்தி வைத்தது. சில வாரம் பொறுத்தோம். எல்லாம் தயாரான பிறகு அதே 'ஃபுல்-அப்கிரேட்' ஒரு சேதமும் இல்லாமல் முடிந்தது. நாங்கள் செய்த கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. படித்தோம், பொறுத்தோம், அவ்வளவுதான்.

நான்கு எண்கள்

பட்டியல் நீளமாக இருந்தால் முழுக்கப் படிக்கப் பொறுமை இருக்காது. பரவாயில்லை. கடைசியில் வரும் சுருக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். புதுப்பிக்கப்படுபவை, புதிதாகச் சேர்பவை, நீக்கப்படுபவை, புதுப்பிக்காமல் விடப்படுபவை. இந்த நான்கையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

உதாரணமாக 12, 3, 0, 7 என்று வந்தால் கவலை இல்லை. நீக்கம் பூஜ்யம். ஏழு பேக்கேஜ் காத்திருக்கிறது. காத்திருக்கட்டும்.

40, 5, 2, 0 என்று வந்தால் நிறுத்திப் பாருங்கள். நீக்கப்படும் அந்த இரண்டும் எவை? பழைய லைப்ரரி போய் அதே லைப்ரரி புதிய பெயரில் வருகிறது என்றால் சரி. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ப்ரோகிராம் என்றால் 'என்' தட்டுங்கள்.

60, 9, 48, 0 என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். வெளியே வந்துவிடுங்கள். இன்று நல்ல நாள் இல்லை!

2025-ல் வந்த ஆப்ட் 3.0 வெர்ஷனில் நீக்கப்படும் பட்டியலைச் சிவப்பு நிறத்திலேயே காட்டுகிறார்கள். சிவப்பு எழுத்தைக் கண்டால் கை கீபோர்டிலிருந்து தானாக விலக வேண்டும்.

நான் பின்பற்றும் எட்டுப் படிகள்

1. நேரம் பார்த்துச் செய்யுங்கள். தேர்வுக்கு முன்னாலும், ரிவ்யூவுக்கு முந்தின இரவிலும் அப்கிரேட் வேண்டவே வேண்டாம். கெட்டுப்போனால் உட்கார்ந்து சரிசெய்ய அரை நாள் இருக்கும் வார இறுதியில் செய்யுங்கள்.

2. பேக்கப் எடுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டரையும், சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் 'ஈடிசி' ஃபோல்டரையும் வேறு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். 'ஆப்ட்-மார்க் ஷோமானுவல்' என்ற கட்டளை நீங்களாக நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலைத் தரும். அதையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள். நாளைக்கே எல்லாம் போனாலும் இந்த மூன்றும் இருந்தால் ஒரே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் அதை டம்ப் எடுத்துத் தனியாக வையுங்கள். புதிய வெர்ஷன் ஒருமுறை திறந்து மாற்றிய டேட்டா ஃபைலைப் பழைய வெர்ஷன் படிக்க மறுக்கலாம்.

3. இடம் இருக்கிறதா பாருங்கள். 'டிஎஃப்' கட்டளை கொடுத்து ரூட், வார், பூட் பகுதிகளில் எவ்வளவு காலி என்று பாருங்கள். பாதி வழியில் டிஸ்க் நிறைந்துபோவது மிக மோசமான சிக்கல்.

4. பிழைப் புகார்களைப் பாருங்கள். 'ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ்' என்ற சின்ன மென்பொருளை நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். அப்கிரேட் தொடங்கும் முன் இது டெபியனின் பிழைப் பதிவேட்டைத் தானே பார்த்து, வரப்போகும் வெர்ஷனில் கடுமையான பிழைகளை யாராவது புகார் செய்திருந்தால் நம்மிடம் சொல்லும். நமக்கு முன்னால் போனவர் குழியில் விழுந்திருந்தால், நாம் ஏன் விழ வேண்டும்? இதன் ஜோடியாக 'ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ்' என்று ஒன்று உண்டு. அது முக்கியமான மாற்றங்கள் குறித்த அறிவிப்புகளைக் காட்டும்.

5. ஒத்திகை பாருங்கள். 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' கட்டளையோடு 'சிமுலேட்' என்ற சொல்லை, முன்னால் இரண்டு கோடு போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். என்ன நடக்கும் என்று காட்டும். ஆனால் எதையும் மாற்றாது. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோமே, அது மாதிரி.

6. முதலில் இறக்குங்கள், பிறகு நிறுவுங்கள். 'டவுன்லோட்-ஒன்லி' என்று சேர்த்தால் பேக்கேஜ்களை இறக்கி வைத்துக்கொண்டு நின்றுவிடும். ஹாஸ்டல் நெட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் கைக்கு வந்த பிறகு நிறுவும் வேலையைத் தொடங்கினால் நடுவில் நெட் போனாலும் கவலை இல்லை.

7. முதலில் 'அப்கிரேட்', அதன் பிறகே 'ஃபுல்-அப்கிரேட்'. டெஸ்க்டாப் சம்பந்தப்பட்ட பெரிய மாற்றம் என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி டெக்ஸ்ட் திரைக்குப் போய்ச் செய்யுங்கள். டெஸ்க்டாப்புக்குள்ளேயே ஒரு டெர்மினலில் வேலை நடக்கும்போது டெஸ்க்டாப் விழுந்தால், அந்த டெர்மினலும் சேர்ந்து விழும். உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே வெட்டின கதைதான்.

8. கேள்வி கேட்டால் படித்துப் பதில் சொல்லுங்கள். நீங்கள் திருத்திய ஒரு அமைப்பு ஃபைலுக்குப் புதிய வடிவம் வந்திருந்தால், 'உங்களுடையதை வைக்கவா, புதியதைப் போடவா?' என்று கேட்கும். 'டி' தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்கள் பழைய ஃபைலே இருக்கும்.

நடுவில் கரண்ட் போனால்?

நம்ம ஊரில் இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கட்டுரையும் முடியாது!

பேக்கேஜை நிறுவுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பிரித்துப் போடுதல். பிறகு அமைத்தல். இந்த வேலையைச் செய்வது 'டிபிகேஜி' என்ற அடிப்படைக் கருவி. ஆப்ட் என்பது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி. டிபிகேஜி ஒவ்வொரு ஃபைலையும் தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி முடித்த பிறகுதான் பழையதன் இடத்தில் மாற்றி வைக்கும். அதனால் பாதி எழுதிய ஃபைல் அந்த இடத்தில் உட்காருவது அபூர்வம். எந்தப் பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றும் கணக்கு எழுதி வைத்திருக்கும்.

எனவே கரண்ட் வந்ததும் பதறாமல் இரண்டு கட்டளை கொடுங்கள். முதலில் 'டிபிகேஜி', 'கான்ஃபிகர்', 'ஏ'. அதாவது, பாதியில் நிற்பதை எல்லாம் அமைத்து முடி என்று அர்த்தம். அடுத்து 'ஆப்ட்', 'ஃபிக்ஸ்-ப்ரோக்கன்', 'இன்ஸ்டால்'. இது அறுந்துபோன சார்புகளைச் சேர்த்து வைக்கும். அப்போதும் பட்டியலைப் படித்துவிட்டே 'ஒய்'.

இன்னொன்று. 'லாக் ஃபைல் பூட்டியிருக்கிறது' என்று செய்தி வந்தால், வேறு ஏதோ ஒரு ப்ரோகிராம் அப்போது பேக்கேஜ் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். காத்திருங்கள். அந்த லாக் ஃபைலை அழித்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரே லேத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்த மாதிரி ஆகிவிடும்.

திரும்பி வரும் வழி

ஸ்டேபிளோ சிட்டோ, டெபியனில் முழு சிஸ்டத்தையும் கீழ் வெர்ஷனுக்கு இறக்குவது அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படாத வேலை. பேக்கேஜ் மேலே ஏறும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்குவதற்கு எழுதி வைக்கவில்லை. மாடிக்கு ஏற ஏணி உண்டு, இறங்க உத்தரவாதம் கிடையாது. அதனால் திரும்பும் வழியை முன்கூட்டியே நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கெர்னலில் இது சுலபம். புதிய கெர்னல் வேறு பெயரில் வந்து உட்காரும். பழையது அப்படியே இருக்கும். புதியதில் திரை கருப்பாக நின்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வந்துவிடலாம். அதனால் புதிய கெர்னல் நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை பழையதை நீக்காதீர்கள்.

தனி ஒரு பேக்கேஜ் கெட்டால், அதன் பழைய வெர்ஷனைத் தேடி எடுத்து நிறுவிப் பார்க்கலாம். 'ஆப்ட்-கெட்' இறக்கிய ஃபைல்களைத் தன் சேமிப்பு ஃபோல்டரில் விட்டுவைக்கும். 'ஆப்ட்' என்ற புதிய கட்டளை நிறுவி முடித்ததும் அழித்துவிடும். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது. சிட் வைத்திருப்பவர்கள் அதனால்தான் 'ஆப்ட்-கெட்' பழகிக்கொள்வது நல்லது. அங்கேயும் இல்லையென்றால் டெபியன் நடத்தும் 'ஸ்னாப்ஷாட்' என்ற காப்பகத்தில் 2005 முதல் வந்த பழைய வெர்ஷன்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பழையதை நிறுவிய பிறகு 'ஆப்ட்-மார்க் ஹோல்டு' கொடுத்து அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்கிரேடில் கெட்ட வெர்ஷன் திரும்ப வந்துவிடும். ஹோல்டு போட்டதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிழை சரியானதும் எடுத்துவிட வேண்டும். மறந்துபோனால் ஆறு மாதம் கழித்து அந்த ஒரு பேக்கேஜ் மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும்.

என்ன மாறியது என்று மறந்துவிட்டதா? 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதில் 'ஹிஸ்டரி' ஃபைல். எந்த நாள், எத்தனை மணிக்கு, எது எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாறியது என்று எல்லாம் இருக்கும். டாக்டரிடம் போகும்போது நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாரே, அந்தக் கேள்விக்கு விடை இங்கே.

அப்கிரேடே செய்யாமல் விட்டால்?

"இவ்வளவு தலைவலி எதுக்கு? நான் அப்கிரேடே பண்ண மாட்டேன்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. அதுவும் ஆபத்துதான். சிட்டில் பாதுகாப்புத் திருத்தம் தனியாக வராது. புதிய வெர்ஷனோடு சேர்ந்துதான் வரும். புதுப்பிக்காவிட்டால் ஓட்டை அடைபடாது. அதோடு ஆறு மாதச் சரக்கு ஒரே நாளில் வந்தால், எது கெட்டது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். வாரம் ஒருமுறை சின்னச் சின்னதாகச் செய்தால், கெட்டாலும் சந்தேகப்பட வேண்டியது இருபது பேக்கேஜ்தான்.

அரை விநாடியில் பிடிபட்ட திருடன்

கடைசியாக, புதியதே நல்லது என்று நம்புகிறவர்களும் பழையதே நல்லது என்று நம்புகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு உண்மைச் சம்பவம்.

'எக்ஸ்இசட்' என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். 2024 பிப்ரவரி 24 அன்று அதன் 5.6.0 வெர்ஷனும், மார்ச் 9 அன்று 5.6.1 வெர்ஷனும் வெளிவந்தன. இரண்டிலும் ஒரு ரகசியப் பின்கதவு ஒளிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மென்பொருளுக்கு உழைத்து நம்பிக்கை சம்பாதித்திருந்த ஒருவர், புனைபெயர் ஒன்றின் மறைவில் அதை நுழைத்திருந்தார். தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் நேரடியாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் டெபியனில் சிஸ்டம்டி லைப்ரரி வழியாக இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அந்தச் சந்துதான் திருடனுக்கு வழி.

அந்த வெர்ஷன்கள் சிட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டன. ஸ்டேபிளுக்கு வரவில்லை.

மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரேஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். சிட் வைத்திருந்த தன் கம்ப்யூட்டரில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் தேவைக்கு மேல் சிபியுவைச் சாப்பிடுவதைக் கவனித்தார். முன்பு சுமார் 0.3 விநாடி எடுத்த வேலை இப்போது 0.8 விநாடி எடுத்தது. அரை விநாடி! நாமாக இருந்தால் "சரி, இன்னைக்கு மெஷின் ஸ்லோ" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. சில வாரங்களுக்கு முன் பேக்கேஜ்களைப் புதுப்பித்த பிறகு ஒரு சோதனையில் விநோதமான எச்சரிக்கை வந்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துத் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அது அப்படியே ஸ்டேபிள் பதிப்புகளுக்கும், பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

டெபியன் உடனே பழைய 5.4.5-க்குத் திரும்ப முடிவு செய்தது. ஆனால் முன்னால் சொன்னேனே, ஆப்ட் மேலே மட்டும்தான் ஏறும். அதனால் பழைய வெர்ஷனுக்கே '5.6.1 பிளஸ் ரியலி 5.4.5' என்று பெயர் வைத்து, புதியது போல அனுப்பினார்கள். அன்று சிட் பயனர்களைக் காப்பாற்றியதும் ஒரு அப்கிரேட்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. வளர்ச்சிப் பதிப்பைப் பயன்படுத்துகிறவன் இலவசமாகப் புதிய மென்பொருளை அனுபவிக்க வந்தவன் மட்டும் இல்லை. ஸ்டேபிளில் இருக்கும் மற்றவர்களுக்கு முன்னால் நடந்து பார்க்கிறவன். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி வழியாகப் புகார் எழுதுங்கள். நாம் டிப்ளமோ மாணவர்கள்தானே என்று கூச்சப்பட வேண்டாம். எந்த வெர்ஷன், என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்ற நான்கையும் தெளிவாக எழுதினால் போதும். நம் லேப் ரெக்கார்டை விடச் சின்னதுதான்.

யாருக்கு சிட் வேண்டாம்?

வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரே கம்ப்யூட்டர் என்றால் ஸ்டேபிள் போடுங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஓடும் மெஷினில் ஸ்டேபிள் போடுங்கள். பேக்கப் எடுக்க இன்னொரு டிஸ்க் இல்லையென்றாலும் ஸ்டேபிள்தான். சிட்டைப் பழக ஆசையா? வர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பாருங்கள். அதை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, தைரியமாக 'ஃபுல்-அப்கிரேட்' கொடுங்கள். கெட்டால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல லேப் கிடையாது.

பட்டியலைப் படித்தும் புரியவில்லையா, 'ஒய்' தட்டலாமா 'என்' தட்டலாமா என்று சந்தேகமா? 'என்' தட்டிவிட்டு, அந்தத் திரையை அப்படியே ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு ஹாஸ்டலில் என் அறைக்கு வாருங்கள். உட்கார்ந்து படிப்போம்.